காலுக்கு மட்டும் ஏன் தூக்கம் வரவில்லை?

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறார். போடவில்லை சகோதரி, கவலைப்படாதீர்கள்.

இவருடைய மாமனாருக்கு 68 வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஒன்றரை வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. போன தை மாதத்திலிருந்து கூடவே மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. கடிதத்தில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"அக்கா, வியாதியைப் பற்றி நாங்கள் எல்லோரும் அழுது ஓய்ந்துவிட்டோம். இப்போது பிரச்னை வேறு. ராத்திரி ஒன்பதரை ஆனால் மாமாவுக்குக் கால் ஆரம்பித்துவிடுகிறது. படுப்பார், எழுந்திருப்பார், உதறுவார், மறுபடி படுப்பார். பிறகு கூடத்தில் நடை. இரண்டு மணி வரைக்கும் நடக்கிறார். எங்கள் வீடு சின்ன வீடு. கைக்குழந்தை எழுந்துவிடுகிறது. இவர் விடிகாலை ஐந்து மணி ஷிப்டுக்குப் போகிறவர். அத்தை, ஏதோ காற்று கருப்பு என்று சொல்லிக் காலில் கயிறு கட்டிவிட்டார்கள். மாமா என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார், கூச்சம். நேற்று மட்டும், 'இந்த மாத்திரையே வேணாம்மா, போதும்' என்றார். பயந்துபோய் உங்களுக்கு எழுதுகிறேன். ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். என் பெரியவனைச் சுமந்த எட்டாம் மாதத்தில் எனக்கும் கால் இப்படித்தான் பண்ணியது. அதுவும் இதுவும் ஒன்றா?"

சிரிக்கவில்லை தங்கச்சி. இரண்டும் ஒன்றேதான். உங்கள் மாமனாருக்கு என்ன செய்கிறது என்பது அந்த வீட்டில் உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடைசி மூன்று மாதத்தில் இது வருகிறது. பெரும்பாலோருக்குப் பிள்ளை பிறந்ததும் தானாகப் போய்விடும். நம் அம்மாக்கள், "நீர் இறங்குது, கால் குடையுது" என்று சொல்லி வெந்நீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

டாக்டர்கள் இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமைதியில்லாத கால் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். புது வியாதியும் இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1672-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் என்பவர் 1945-ல் இதை முழுதாக ஆராய்ந்து, இந்தப் பெயரையும் வைத்தார். அதனால் காற்றுமில்லை, கருப்புமில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அத்தையோடு சண்டைக்குப் போக வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். இறுக்கமாக மட்டும் இருக்கக்கூடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இவரோடு பட்ட பாடு இது. இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. இவரிடம் கேட்டேன். "எழுது, நாலு பேருக்கு உதவும். ஆனா நான் மாத்திரையை ஒளிச்சு வெச்சதை எழுதாதே" என்றார். அதை எழுதாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எழுதிவிட்டுத்தான் காட்டப் போகிறேன்.

2020-ல் இவருக்குப் புராஸ்டேட்டில் கண்டுபிடித்தார்கள். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்கிற சுரப்பி அது. கதிர்வீச்சு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மூன்று வருடம் நன்றாக இருந்தார். 2023-ல் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியது. இடுப்பெலும்பில் ஒரு புள்ளி தெரிந்தது. ஊசியோடு சேர்த்து என்ஸாலுடமைடு என்ற மருந்தையும் ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு. நாலாவது வாரத்திலோ ஐந்தாவது வாரத்திலோ நடை ஆரம்பித்தது.

முதலில் எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். பாத்ரூம் போகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இந்த வியாதிக்காரர்களுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது வழக்கம்தானே. ஒரு நாள் நடந்துகொண்டே சுவரைக் காலால் உதைப்பதைப் பார்த்தேன். "என்னங்க பண்ணுது?" என்றால், "சொல்லத் தெரியலை. உள்ளே எறும்பு ஊர்ற மாதிரி, இல்லை, சோடா பாட்டிலைக் குலுக்கின மாதிரி இருக்கு. காலைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கலாம்னு இருக்கு" என்றார்.

பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே நான் செய்த முதல் தப்பு, "கால் குடைச்சல் டாக்டர்" என்று சொன்னது. நம் பேச்சில் குடைச்சல் என்றால் வலி. எழுதிக் கொடுத்தது வலி மாத்திரை. மூன்று மாதம் விழுங்கினார். கால் கேட்கவில்லை, வயிறுதான் புண்ணானது. சகோதரிகள் இதைக் கவனியுங்கள். இந்தக் காலுக்கு வலி மாத்திரை வேலை செய்யாது. டாக்டரிடம் குடைச்சல், உளைச்சல், அசதி என்று பொதுவாகச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி சொல்லுங்கள். "சும்மா இருந்தால் வருகிறது. அசைத்தால், நடந்தால் போகிறது. நின்றால் மறுபடி வருகிறது. பகலில் இல்லை, பொழுது சாய்ந்தால் ஆரம்பிக்கிறது." இந்த நாலு வாக்கியம் போதும். விஷயம் தெரிந்த டாக்டர் அதிலேயே கண்டுபிடித்துவிடுவார். இதற்கென்று எக்ஸ்ரேயும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. நாம் சொல்லுகிற கதைதான் பரிசோதனை.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். மனுஷன் தூங்கட்டும் என்று நினைத்து, வீட்டில் சளிக்கும் அரிப்புக்கும் வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். அது போட்டால் தூக்கம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அன்று நாலு மணி வரை நடந்தார். போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் முழு மாத்திரை கொடுத்தேன். இப்படி ஆறு ராத்திரி. கண் சொக்குகிறது, கால் விட மாட்டேன் என்கிறது. தூங்கித் தூங்கி விழுந்துகொண்டே ஒரு மனுஷன் நடப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தூக்கம் வரவழைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள் இந்தக் காலை அதிகப்படுத்தும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஆறு ராத்திரியும் என் கைங்கரியம்.

மூன்றாவதுதான் இவர் எழுதாதே என்றது. அடுத்த மாத மருந்து வாங்கக் கிளம்பும்போது அலமாரியைத் துடைத்தேன். துண்டுக்கு அடியில் மாத்திரை. நாளைக்கு நான்கு வீதம் 28 நாளைக்கு 112. ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. எண்ணினால் 36 இருக்கிறது.

"என்னங்க இது?"

"எண்ணிட்டியா?"

"36."

"ரெண்டு ரெண்டாப் போட்டேன், 18 நாளா. இந்த மாத்திரை வந்தப்புறம்தானே கால் இப்படி ஆச்சு. குறைச்சா அடங்கும்னு பார்த்தேன்."

"அடங்கிச்சா?"

"இல்லை."

கத்தினேன். பிறகு அழுதேன். மறுநாள் அந்த 36 மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு புற்றுநோய் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. "சந்தேகப்பட்டதில் தப்பில்லை சார்" என்றார். என்ஸாலுடமைடின் பக்கவிளைவுப் பட்டியலிலேயே இந்தக் கால் தொந்தரவு இருக்கிறதாம். "ஆனா நீங்களாக் குறைச்சது ஆபத்து. ஏன்னா, அடுத்த மாசம் பி.எஸ்.ஏ. ஏறியிருந்தா, மருந்து கேட்கலைன்னு நான் நினைச்சிருப்பேன். நல்லா வேலை செய்யற மருந்தை நிறுத்திட்டு வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன். குறைக்கிறதுன்னா அதுக்கு முறை இருக்கு. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம், அளவைக் குறைக்கலாம். அதை நாம சேர்ந்து செய்யணும். அதுக்கு முன்னாடி வேற காரணம் இருக்கான்னு பார்ப்போம்" என்றார்.

திண்டுக்கல் சகோதரி, உங்கள் மாமனார் "போதும்மா" என்று சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கே மாத்திரையை எண்ணிப் பாருங்கள். திட்டுவதற்காக இல்லை, டாக்டரிடம் சொல்லுவதற்காக.

இனி காரணங்களுக்கு வருகிறேன். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம், அசைவைக் கட்டுப்படுத்துகிற வேலையில் பங்கெடுக்கிறது. அதைத் தயாரிக்க இரும்புச் சத்து வேண்டும். மூளைக்குப் போய்ச் சேரும் இரும்பு குறைந்தால் இந்தக் கணக்கு தப்புகிறது. காலைச் சும்மா வைத்திருக்கவே முடியாத தவிப்பு வருகிறது. கர்ப்பிணிகளுக்கு வருவதிலும் இரும்புக் குறைவுக்குப் பங்கு உண்டு. இப்போது அவர் தவிப்பும் உங்கள் எட்டாம் மாதமும் எங்கே சந்திக்கின்றன என்று புரிகிறதல்லவா?

புராஸ்டேட் வைத்தியத்தில் இதற்குப் பல வாசல் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். மூன்று மாத ஊசி அந்த ஹார்மோனை அடக்கி வைப்பதற்குத்தான். ஆனால் புது ரத்தம் ஊறுவதற்கும் அதே ஹார்மோன் துணை. அது அடங்கினால் பலருக்கு ரத்தம் கொஞ்சம் குறைகிறது. நமக்கு மாதவிலக்கு நிற்கிற வயதில் வருமே, குப்பென்று உடம்பு காந்தி வியர்ப்பது, அது இவர்களுக்கும் வருகிறது. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் கால் இன்னும் ஆடும். கால் ஆடினால் தூக்கம் இன்னும் கெடும்.

எங்கள் வீட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.6. ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. அது 41. லேப் தாளில் அதற்கு எதிரே நட்சத்திரமே போடவில்லை, சரியான அளவு என்றே அச்சடித்திருந்தது. நானாக இருந்தால் தாளை மடித்து வைத்திருப்பேன். டாக்டரம்மா, "மத்தவங்களுக்கு இது போதும். இந்தக் காலுக்குப் போதாது" என்றார். இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-ஐத் தாண்டாவிட்டால் இரும்பு கொடுக்கலாம் என்று 2025-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ சங்கம் வெளியிட்ட வழிகாட்டியிலும் இருக்கிறது. இன்னொன்றும் அவர் சொன்னார். புற்றுநோயோ, உடம்பில் வேறு அழற்சியோ இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அது 20 சதவிகிதத்துக்குக் கீழே என்றாலும் இரும்பு போதவில்லை என்று அர்த்தம்.

"இரும்பு எங்கே போச்சு?" என்று டாக்டரம்மா கேட்டபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருடமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மூலம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான். 49 வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்! குழாய் விட்டுப் பார்த்ததில், பழைய கதிர்வீச்சினால் ஆசனவாய்க்கு உள்ளே குடல் புண்பட்டு ரத்தம் கசிகிறது என்று தெரிந்தது. புராஸ்டேட்டை ஒட்டியே அந்த இடம் இருப்பதால் சிலருக்கு வருடங்கள் கழித்தும் இப்படி ஆகுமாம். அதற்குத் தனியாக வைத்தியம் செய்தார்கள். வயதான ஆணுக்கு இரும்பு குறைகிறதென்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

இரும்பு மாத்திரை இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலச்சிக்கல் வந்து, புண்பட்ட இடம் இன்னும் புண்ணானது. அதனால் ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். மறுநாளே கால் அடங்கிவிடவில்லை. முழுசாகத் தெரிய ஐந்தாறு வாரம் ஆனது. அதுவரை சாயங்காலத்தில் போட கபாபென்டின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அந்த உடம்புக் காந்தலும் அதிலேயே கொஞ்சம் குறைந்தது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் அது மயக்கம் தரும், தள்ளாட்டம் தரும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அளவு மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று நீங்களாக வாங்கிவிடாதீர்கள். முன்பெல்லாம் இந்தக் காலுக்கு முதலில் எழுதியது ப்ரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்கிற வகை. ஆரம்பத்தில் அற்புதமாகக் கேட்கும். வருடக்கணக்கில் போட்டால் தொந்தரவு முன்னிரவிலிருந்து மத்தியானத்துக்கு வரும், காலிலிருந்து கைக்கும் போகும். இப்போது அதைப் பெரும்பாலும் தள்ளியே வைக்கிறார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அதுவும் தப்பு.

மருந்துப் பெட்டியையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். சளி, அரிப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு, ப்ரோக்ளோர்பெரஸின் இரண்டும் இந்தக் காலுக்கு எதிரி. வாந்திக்கு வேறு மாத்திரை இருக்கிறது, கேட்டால் மாற்றித் தருவார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அதிகப்படுத்தும். அதில் வென்லஃபாக்ஸின் என்பதை உடம்புக் காந்தலுக்கு என்றே கொடுப்பதும் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். என்ஸாலுடமைடு வேறு பல மருந்துகளைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும் குணமுடையது. அதனால் புதிதாக எது சேர்த்தாலும் அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், நாட்டு மருந்தாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான். ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஒட்டும். அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் ஈரலும் சுவரொட்டியும் இன்னும் சுலபமாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் பாதி வீண், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஊசி போடுகிறவர்களுக்கு எலும்பு தேயாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உள்ளே போகாது. ஒன்று காலையில், ஒன்று ராத்திரி. நன்றாகக் குறைந்துபோன இரும்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது. பரிசோதிக்காமல் இரும்பை அள்ளி விழுங்குவதும் கெடுதல்.

இனி ராத்திரியை ஓட்டுவது எப்படி என்று சொல்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு காப்பியை நிறுத்தினோம். அதற்கு நடந்த பஞ்சாயத்தை எழுதினால் தனியாக ஒரு கட்டுரையாகும். சாயங்காலம் அரை மணி நேரம் நடை. படுக்கும் முன் கெண்டைக்கால் முங்குகிற அளவுக்கு வாளியில் இதமான வெந்நீர். சிலருக்குக் குளிர்ந்த நீர்தான் கேட்கும், இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு நன்றாக அழுத்திப் பிடித்துவிடுவது. லேசாகத் தடவினால் இன்னும் ஊறும், அழுத்த வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் மட்டும் பிடித்துவிடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதைவிட நன்றாகக் கேட்டது வேறொன்று. கைக்கும் மனதுக்கும் வேலை இருந்தால் கால் மறந்துபோகும். டி.வி. முன்னால் சும்மா உட்கார்ந்தால் வரும், சீட்டாட உட்கார்ந்தால் வராது. இவரிடம் முருங்கைக்கீரையைக் கொடுத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காம்பு விடாமல் ஆய்ந்து வைப்பார். மொச்சை உரிப்பார். பேத்தி நோட்டுக்கு அட்டை போடுவார். 49 வருடத்தில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்! உங்கள் மாமாவுக்கும் ஏதாவது கொடுத்துப் பாருங்கள். "மாமா, காலையில எனக்கு நேரமில்லை, இதைக் கொஞ்சம் பார்த்து வைக்கிறீங்களா?" என்றால் கூச்சக்காரர்களும் மறுக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் ஓரத்து ஜன்னலைக் கொடுக்காதீர்கள், நடைபாதைப் பக்கம் உட்கார வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு முடிந்தவரை காலை நேரமாகக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க அரை மணி அசையாமல் படுக்க வேண்டுமே, அதை முன்கூட்டியே அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். சாயங்கால நேரம் கொடுத்து எங்களுக்கு ஒரு தடவை ஸ்கேனே பாழானது.

உங்கள் வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கிறது. நடக்கிற இடத்தில் மரப்பாச்சியும் சொப்பும் கிடக்கக்கூடாது. ஊசியினால் அவருக்கு எலும்பு தேய்ந்திருக்கலாம். இருட்டில் வழுக்கி விழுந்தால் இடுப்பு முறிந்துவிடும். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் படுக்கையைக் கூடத்திலிருந்து மாற்றிக்கொண்டு, கூடத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். யாரையும் எழுப்பிவிடுவோமோ என்ற பயம் போனாலே பாதி நடை குறையும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எல்லாக் கால் தொந்தரவும் இதுவல்ல. கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி வலித்தால் அது வேறு. கீமோ ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பாதம் மரத்து எரிவதும் வேறு. அது பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். முதுகு வலியோடு கால் துவண்டாலோ, மரத்தாலோ, மூத்திரம் போவது நின்றாலோ, ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுவது சகஜம். அங்கே தண்டுவடத்தை அழுத்தினால் மணிக்கணக்கில் கால் போய்விடும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ஸாலுடமைடை நிறுத்தவில்லை, குறைக்கவுமில்லை. நாளைக்கு நான்குதான். ரத்தக் கசிவு நின்று, இரும்பும் ஏறி, அந்த அலர்ஜி மாத்திரையும் வீட்டைவிட்டுப் போனபின் நடை வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைந்தது. அடியோடு போகவில்லை. கல்யாண வீட்டில் ராத்திரி காப்பி குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு உண்டு.

உங்கள் மாமாவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தயங்குகிறீர்கள். வியாதியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். உங்கள் எட்டாம் மாதத்தைச் சொல்லுங்கள். "எனக்கும் இப்படித்தான் மாமா ஊர்ந்துச்சு, படுக்கவே முடியாது, நடந்தா சரியாகும்" என்று சொல்லிப் பாருங்கள். தன்னுடைய தவிப்பு இன்னொருவருக்குத் தெரியும் என்றால் வாய் திறப்பார். ரத்தம் போகிறதா என்று நீங்கள் கேட்க முடியாது, உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம், திண்டுக்கல் என்று மட்டும் போட்டால் போதும், எனக்குத் தெரியும்.